நின்று நின்று போகும் கேமிங் கணினி: கடைக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே சோதிப்பதா?

பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கேமிங் கணினி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள எங்கள் வீட்டில், சென்ற கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் விளையாட்டின் நடுவே நின்று நின்று போனது. சில நாள் நீலத் திரை வந்தது. சில நாள் எந்த அறிவிப்பும் இன்றித் தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. சந்தேகப்படும் பாகத்தை வாரண்டிக்கு அனுப்புவது, சர்வீஸ் கடையில் கொடுப்பது, வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் சோதிப்பது என மூன்று வழிகள் எனக்கு இருந்தன. மூன்றையும் பார்த்துவிட்ட பிறகு, வீட்டுச் சோதனைதான் முதலில் வர வேண்டும் என்ற முடிவில் உறுதியாக இருக்கிறேன்.

வாரண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாமே பூட்டிய கணினியில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு நிறுவனத்துடையது. கோளாறு எதில் என்று தெரியாதவரை எதை அனுப்புவது என்ற கேள்விக்கே விடை கிடையாது.

கடைக்குச் சில உண்மையான வலிமைகள் உண்டு. மாற்றிப் பார்க்க வேறொரு எஸ்.எம்.பி.எஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), வேறொரு ராம் (தற்காலிக நினைவகம்), சில சமயம் வேறொரு பிராசஸர்கூட அவர்கள் கையில் இருக்கும். அதை நம்பித்தான் கிராபிக்ஸ் கார்டைத் தனியே கழற்றித் துணியில் சுற்றி, கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, புதுச்சேரியில் உள்ள ஒரு கடைக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது தம்பி, எதுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாத்திடுங்க" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கே அது நன்றாகத்தான் ஓடியது.

ஏன் அங்கே மட்டும் ஓடியது என்பதுதான் இந்த ஒப்பீட்டைத் தீர்மானித்தது. எதைத் திறந்தாலும் முதல் வேலையாக பயாஸ் (கணினி எழும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) பேட்டரியைக் கழற்றி மாட்டி, அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடைக்காரர்களின் வழக்கம். அப்படிச் செய்தவுடன், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி என்ற அமைப்பு அணைந்துவிடுகிறது, 3600 வேகத்தில் ஓட வேண்டிய ராம் 2666-க்கு இறங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை எக்ஸ்.எம்.பி-யை மீண்டும் போட்டது. கோளாறை அவர்கள் அறியாமல் அணைத்தார்கள், நான் அறியாமல் திரும்ப எழுப்பினேன். இதோடு குளிரூட்டிய கடையின் வெப்பநிலையும் எங்கள் மாடி அறையின் மே மாத வெப்பநிலையும் ஒன்றல்ல. அவர்கள் ஓடவிட்டது வீடியோ, நான் ஓட்டியது மூன்று மணி நேர விளையாட்டு. எந்த அறையில், எந்த அமைப்பில், எந்தச் சுமையில் கணினி நின்றுபோகிறதோ அதே நிலையில் வைத்துத் தேடினால்தான் கோளாறு கையில் அகப்படும். கடையால் எவ்வளவு முயன்றாலும் கொடுக்க முடியாதது அந்த நிலையைத்தான்.

வீட்டில் தேடியபோது முதலில், கணினியில் நடப்பதைப் பதிந்து காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். கெர்னல் பவர் 41 என்ற பதிவு வரிசையாக இருந்தது. பெயரில் பவர் இருப்பதால் பலர் உடனே எஸ்.எம்.பி.எஸ் வாங்கிவிடுகிறார்கள், நானும் ஏறக்குறைய வாங்கிவிட்டேன். உண்மையில், கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. அந்தப் பதிவின் விவரங்களுக்குள் பக்செக் கோட் (நீலத் திரைப் பிழையின் எண்) என்று ஒரு வரி இருக்கும். அதில் பூச்சியம் இருந்தால், மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது நீலத் திரைக்கும் நேரமின்றிக் கணினி உறைந்திருக்கலாம். என்னுடையதில் ஒரு நாள் 26, மறுநாள் 80, பிறகு மீண்டும் 26. இரண்டுமே நினைவகம் சார்ந்த பிழைகளின் எண்கள். டிரைவர் கோளாறாலும் இவை வரக்கூடும் என்பதால், புதிதாக விண்டோஸ் போட்டும் பார்த்தேன்; மாற்றமில்லை.

பிறகு பென் டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஏற்றி, எக்ஸ்.எம்.பி போட்ட நிலையிலேயே இரவில் ஓடவிட்டேன். இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் ஓடும். முதல் இரண்டு சுற்றும் சுத்தமாகக் கடந்தன. மூன்றாவதில் சிவப்பு வரிகள் வந்தன. ஒரு சுற்றோடு நிறுத்தியிருந்தால் ராம் நல்லது என்றே முடிவு செய்திருப்பேன். அடுத்த இரண்டு இரவுகளில் ஒவ்வொரு ராம் ஸ்டிக்கையும் தனித்தனியே ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தேன். ஒன்று நான்கு சுற்றும் கடந்தது. மற்றொன்று தனியாக இருந்தும் பிழை காட்டியது.

கடலோர வீடுகளுக்கு இங்கே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உப்புக் காற்றால் ராமின் பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கலான படலம் படிகிறது. என் ஸ்டிக்கைக் கழற்றி வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்தபோது துகள்கள் சாம்பல் நிறத்தில் உதிர்ந்தன. அதுவே பிழை நீங்கப் போதுமானதாக இருக்கலாம் என்பதால், துடைத்த பிறகு ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் ராமைக் குறை சொல்ல வேண்டும். எனக்குத் துடைத்தும் பிழை போகவில்லை.

இவ்வளவு சொன்னாலும், மதர்போர்டு கோளாறையோ பிராசஸர் கோளாறையோ நான் வீட்டில் கண்டுபிடித்ததில்லை. மாற்றிப் பார்க்க வேறொன்று கையில் இல்லாதபோது அங்கே கடைக்குத்தான் போவேன். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மிகை மின்னழுத்தத்தால் அவை நிலைகுலைவதை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024-இல் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான சில்லை அந்தத் திருத்தம் சரிசெய்யாது என்பதால், அதன் பிறகும் நின்றால் பிராசஸரையே மாற்றக் கேட்க வேண்டும்.

என் விஷயத்தில், எது பழுது என்று தெரிந்த பிறகு வாரண்டி எளிதாகிவிட்டது. ஜோடியாக வாங்கிய ராமை ஜோடியாகவே கேட்டார்கள். மெம்டெஸ்ட் திரையைப் படம் எடுத்து இணைத்தேன். புதிய ஜோடி வந்தது. எஸ்.எம்.பி.எஸ் பழையதுதான். புதிய ராமைப் பூட்டியதும் எக்ஸ்.எம்.பி-யைப் போட்டு, விளையாட்டைத் திறக்காமல், அன்றிரவு நான்கு சுற்றும் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திரையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை.