மூன்று வசந்தமாகக் கையில் இருக்கும் சிலேட்டு அழைப்பான்

வான்கோழி வேட்டைக்கு அழைப்பான், அதாவது பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை வரவழைக்கும் கருவி, வாங்கப் போகிறவர்கள் எவ்வளவு தூரம் கேட்கும் என்றுதான் விசாரிக்கிறார்கள். எவ்வளவு மெதுவாக ஒலிக்கும் என்று விசாரியுங்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் அலெகெனி மலைகளுக்கு மே மாதம் நான் கொண்டுபோவது இதைத்தான். உள்ளங்கையில் அடங்கும் மரக் கிண்ணம், மேலே சிலேட்டு வில்லை, உரச ஹிக்கரி என்ற கடின மரத்தில் ஒரு குச்சி. பலப்பம் கீச்சிடுமே, அதே சங்கதிதான். குச்சியைப் பேனா மாதிரிப் பிடித்து, நுனியைத் தூக்காமல் சின்ன வட்டமாகச் சுழற்றினால் பெட்டை கூப்பிடுவது போலவே இருக்கும். அழுத்தாமல் இழுத்தால், மேய்கிற பெட்டையின் ‘குர்ர்’.

போன மே மாதம், விடிகிற நேரம். கீழே பள்ளத்தில் ஒரு சேவல் மரத்திலிருந்து கத்தியது. மலையில் எதிரொலி ஏமாற்றும், திசை பிடிபடவே நேரமானது. நான் மேட்டில் உட்கார்ந்தேன். வான்கோழி மேலே ஏறி வரும், சரிவில் இறங்கி வரச் சட்டென்று சம்மதிக்காது. ஏறி வந்த சேவல் அறுபது அடி தொலைவில் இருக்கும்போது ஒரு புடைப்புக்குப் பின்னால் நின்றுவிட்டது. அங்கே சத்தமாக அழைத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். மூன்றே தட்டு, காய்ந்த இலை நொறுங்குகிற அளவுக்கு. தலை எழுந்தது, சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக. அப்புறம் மார்பில் முடிக்கற்றை மாதிரித் தொங்கும் தாடி தெரிந்தது. அங்கே வசந்தத்தில் தாடி உள்ள பறவையைத்தான் சுடலாம், அதனால் அதைப் பார்க்கும்வரை விரலை விசைக்குக் கொண்டுபோகவில்லை.

குறை என்றால் ஈரம். தூறல் விழுந்த ஒரு காலையில் குச்சி நுனி நனைந்து வழுக்கியது, சத்தமே எழவில்லை. பக்கத்தில் வந்த சேவல் திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் பையில் வைக்கிறேன், மழைக்குக் கண்ணாடி வில்லையும் கார்பன் குச்சியும் தனியாக உண்டு. விரலின் எண்ணெய் பட்டாலும் சிலேட்டு ஊமையாகும், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். இன்னொன்று, இரண்டு கையும் வேண்டும். வான்கோழியின் கண்ணுக்குக் கை அசைவு தப்பாது. கடைசி நிமிடத்துக்கு வாயில் வைக்கும் அழைப்பானும் பழகிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் வசந்தத்தில் அழைத்துத்தான் வேட்டையாட வேண்டும், பறவையை நோக்கிப் பதுங்கிப் போவது சட்டவிரோதம். நாம் எழுப்பும் பெட்டைக் குரலை நிஜமென்று நம்பி இன்னொரு வேட்டைக்காரர் வரக்கூடும். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகே குச்சியை எடுங்கள்.