ஒரு கடைக்கு இரண்டு விலை: தனி மொபைல் தளமா, ரெஸ்பான்சிவ் தளமா?

2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்த அன்று. சென்னிமலையில் மாமாவின் போர்வைக் கடைக்கு நான்தான் இணையதளம் பார்த்துக்கொள்கிறேன். விலைகளை மாற்ற உட்கார்ந்தேன். 1,000 ரூபாய் வரையிலான விரிப்புக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 12. சாயங்காலத்துக்குள் முடித்தாயிற்று. நான்கு நாள் கழித்து மதுரை வாடிக்கையாளர் ஒருவர் பழைய விலைக்குப் பணம் அனுப்பியிருந்தார். அவர் பார்த்தது போனில். கம்ப்யூட்டர் தளத்தில் விலையை மாற்றிய நான், தனியாக இருந்த மொபைல் தளத்தை மறந்தே போயிருந்தேன். மாமா பழைய விலைக்கே சரக்கை அனுப்பிவிட்டு என்னைக் கேட்டார்: "ஏன் மாப்ள, நமக்கு ரெண்டு கடையா இருக்குது?"

அந்த வருடமே மொபைல் தளத்தை மூடிவிட்டு ரெஸ்பான்சிவுக்கு மாறினோம். இப்போது பக்கத்துக் கடைக்காரர் எதில் போகலாம் என்று கேட்கிறார். அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் எந்தக் கட்சி என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தனி மொபைல் தளம் என்றால் முகவரியே வேறு. முன்னால் ஒரு 'எம்' இருக்கும். வருகிறவர் எந்த பிரவுசர் என்று பார்த்து சர்வர் அங்கே திருப்பிவிடும். ரெஸ்பான்சிவில் பக்கம் ஒன்றுதான். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் என்ற குறிமொழி, திரையின் அகலத்தைப் பார்த்து அதை மாற்றி அடுக்கும். ஈத்தன் மார்காட் என்ற வலை வடிவமைப்பாளர் 2010-ல் ஒரு கட்டுரையில் வைத்த பெயர் அது.

எங்கள் மொபைல் தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2013-ல் அதைக் கட்டியபோது வாடிக்கையாளர்களில் பலர் 2ஜியில் இருந்தார்கள். படத்தைச் சுருக்கி, எழுத்தைக் குறைத்து வைத்ததால் சட்டென்று திறந்தது. வேகம் ஒன்றுதான் கணக்கு என்றால் அன்றைக்கு அதுவே சரி.

வம்பு பராமரிப்பில்தான். புது டிசைன் வந்தால் இரண்டு இடத்தில் ஏற்ற வேண்டும். ஆடித் தள்ளுபடி முடிந்தால் இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே சரக்கின் பக்கங்கள்தான் என்று கூகுளுக்குச் சொல்ல, ஒவ்வொரு பக்கத்திலும் ஜோடி சேர்க்கும் குறிச்சொல் போட வேண்டும். முகவரி மாறினால் ஜோடி பிரிந்துவிடும். போனில் பார்த்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சுட்டியை இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்தால், மொபைல் பக்கம் திரை முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கும். பிரவுசரைப் பார்த்துத் திருப்பும் வேலையும் நம்பகமில்லை. 2019-ல் ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 13 வந்ததும் ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கம்ப்யூட்டர் என்றே சொல்லிக்கொள்ளத் தொடங்கியது. நல்லவேளை, அதற்குள் நாங்கள் மாறியிருந்தோம்.

இன்னொன்று. மொபைல் பக்கத்தை முதன்மையாக வைத்தே தேடலுக்காகத் தளங்களைப் பட்டியலிடப் போவதாக கூகுள் 2016-ல் அறிவித்தது. நாங்களோ இடம் மிச்சம் என்று அளவு அட்டவணையையும் துவைக்கும் குறிப்பையும் மொபைலில் வெட்டியிருந்தோம். அதாவது, தேடுகிறவர்களுக்கு வேண்டியதையே ஒளித்து வைத்திருந்தோம்.

ரெஸ்பான்சிவ் மட்டும் சொக்கத்தங்கமா? இல்லை. போன் திரையின் அகலத்துக்கே பக்கத்தைக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரியை விட்டுவிட்டால், பல போன்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று எண்ணிச் சுருக்கிக் காட்டும். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. படத்தை மொபைலில் 'காட்டாதே' என்று சிஎஸ்எஸ்ஸில் சொன்னால் கண்ணுக்குத்தான் மறையும், டேட்டா போய்க்கொண்டுதான் இருக்கும். நான் முதல் மாதம் செய்த முட்டாள்தனம் இது. ஒரே படத்தைப் பல அளவில் வைத்து, எது வேண்டும் என்பதை பிரவுசரிடம் விட்டபிறகுதான் பக்கம் இளைத்தது. 60-க்கு 90, 90-க்கு 100 என்று ஐந்து பத்தி ஓடிய விரிப்பு அளவு அட்டவணையைக் குறுகிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன்.

தமிழில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் நீளம். பக்கவாட்டில் பக்கம் ஆடுகிறதே என்று, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மறைக்கச் சொல்லியிருந்தேன். "விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படமாட்டாது" என்ற தலைப்பின் கடைசிச் சொல் 360 பிக்சல் திரையில் அடங்காமல், 'மாட்டாது' மட்டும் காணாமல் போனது. இரண்டு பேர் விரிப்பைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? எழுத்தைச் சிறிதாக்கி, 'மாட்டாது'வைப் பிரித்து எழுதி, நீளச் சொல்லை உடைக்கும் சிஎஸ்எஸ் வரியும் போட்டேன். ஆனால் இதை ஒரே இடத்தில் திருத்தினேன் என்பதுதான் விஷயம்.

பக்கத்துக் கடைக்காரர் ஆப் பற்றியும் கேட்டார். நான் ஆப் கட்டியதில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை போர்வை வாங்குகிறவர் அதற்காக ஆப் இறக்குவாரா என்பது சந்தேகம். இணையத்தில் துணி விற்கும் பெரிய நிறுவனமான மிந்த்ராவே 2015 மே மாதம் தளத்தை மூடி ஆப் மட்டும் என்று போய், அடுத்த ஆண்டே தளத்துக்குத் திரும்பியது. ஆயிரக்கணக்கில் பழைய பக்கங்கள் உள்ள பெரிய தளத்துக்கு, மாறும் செலவைப் பார்த்தால் தனி மொபைல் தளத்தையே வைத்திருப்பது கட்டுப்படியாகலாம். என் அனுபவம் நூற்றுச் சொச்சம் பக்கங்களோடு சரி.

2025 செப்டம்பர் 22-ல் வரி மறுபடி மாறியது. வரம்பு 2,500 ரூபாய், அதுவரை 5 சதவீதம், மேலே 18. ஒரு தடவை மாற்றினேன். மாமாவிடம் பார்க்கச் சொன்னேன். போனில் திறந்தவர், எழுத்து பெரிதாகவே தெரிந்தும் பழக்கத்தில் இரண்டு விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.