பாடம் நடத்துகிறவருக்கு ஒரு காலர் மைக்: வாங்கலாமா?

கம்பியில்லாக் காலர் மைக் என்பது யூடியூபில் சமையலும் பயணமும் காட்டுகிறவர்களை மனத்தில் வைத்து விற்கப்படும் பொருள். திருவையாற்றுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தும் நான், என் பாடத்தை நானே கேட்டுப் பார்ப்பதற்காக அதைக் கும்பகோணத்தில் வாங்கி, ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அரையாண்டுத் தேர்வு வரை பயன்படுத்தினேன். ஒற்றை மைக் செட் பாதி விலைக்கே கிடைத்தது. இரண்டு மைக்கும் ஒரு ரிசீவரும் கொண்ட செட்டுக்கு நான் கொடுத்தது 1,650 ரூபாய். ஆசிரியராக இருப்பவர் இரட்டை மைக்கைத்தான் வாங்க வேண்டும் என்பதே என் முடிவு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. ரிசீவர் ஃபோனின் சார்ஜர் துளையில் செருகப்படுவது. ஆகவே உங்கள் ஃபோன் டைப்-சியா, பழைய வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். சில ஃபோன்களில், வெளிக் கருவியை ஃபோனோடு இணைக்கும் ஓடிஜி என்னும் அமைப்பை நாமே இயக்கினால்தான் ரிசீவர் உயிர் பெறும். இயக்க மறந்துவிட்டால் ஃபோன் தன்னுடைய சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், பாடம் முடிந்து கேட்கும்போதுதான் அது தெரியவரும். மைக்கை விரலால் ஒருமுறை தட்டிச் சோதித்துவிட்டு வகுப்புக்குள் போவது நல்லது. 45 நிமிடப் பாடவேளையின் ஒலிப்பதிவு, வழக்கமான 128 கேபிபிஎஸ் தரத்தில், ஏறக்குறைய 43 எம்பி இடம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பதிவு செய்கிறவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

சட்டைக் காலரில் மாட்டும் ஆண் ஆசிரியர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை சேலை கட்டுகிறவர்களுக்கு உண்டு. கிளிப்பைப் பருத்திச் சேலையின் முந்தானையில் மாட்டினால், கரும்பலகையில் எழுதக் கை தூக்கும்போதெல்லாம் துணி உரசும் சத்தம் பாடத்தைவிட உரக்கப் பதிவாகிறது. காந்தத்தால் பிடிக்கும் வகையோ மடிப்புகளின் கனத்தில் பிடிமானம் தளர்ந்து கீழே விழுகிறது. தோளில் ஊக்குக் குத்திய இடத்தை ஒட்டி மாட்டியபோதுதான் சத்தம் சீரானது. அடையாள அட்டையின் பட்டையில் மாட்டுவதும் பரவாயில்லை, அட்டை ஆடாமல் இருந்தால்.

இரைச்சல் நீக்கும் பொத்தான் ஒன்று உள்ளது. அது மின்விசிறியின் ஓசையை நன்றாகவே குறைக்கிறது. கூடவே மெல்லப் பேசும் பிள்ளைகளின் குரலையும் இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடுகிறது. வகுப்பை மதிப்பிட விரும்புகிறவர் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே மேல். எங்கள் ஊரின் பருவங்களையும் மைக் பொறுத்துக்கொள்வதில்லை. புரட்டாசியில் குறுவை அறுவடை இயந்திரம் பக்கத்து வயலில் ஓடினால் ஓரளவு சமாளிக்கலாம். ஐப்பசி மழை தகரக் கூரையில் இறங்கும் நாளில் பதிவு செய்வது வீண்.

இனி, பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது. பி.எட். படித்த எவரும், வகுப்பில் யார் எவ்வளவு, எப்படிப் பேசுகிறார்கள் என்று கணக்கிடும் ஃப்ளாண்டர்ஸ் இடைவினைப் பகுப்பாய்வைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள்: ஆசிரியர் பேச்சுக்கு ஏழு, மாணவர் பேச்சுக்கு இரண்டு, அமைதிக்கும் குழப்பத்துக்கும் சேர்த்து ஒன்று என மொத்தம் 10 வகைகள், 3 வினாடிக்கு ஒருமுறை, நடப்பது எந்த வகை என்று எண்ணால் குறிக்க வேண்டும். முழுப் பாடவேளைக்கும் குறித்தால் 900 எண்கள் வரும். வீட்டில் உலை வைத்துவிட்டு உட்காருகிறவருக்கு அது ஆகாத காரியம். பாடத்தின் நடுவிலிருந்து 10 நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 200 எண்கள்தாம், ஒரு ஏ4 தாளில் அடங்கிவிடும். அந்தத் தாளில் ஐந்தாம் எண், அதாவது விரிவுரை, வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்தபின் தேர்வுக்குப் படித்த அந்தப் பாடத்தின் மீது எனக்குப் புதிய மரியாதை வந்தது. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்று அமெரிக்க வகுப்பறைகளைக் கவனித்து ஃப்ளாண்டர்ஸ் சொன்ன கணக்கு இங்கே பொருந்தாது என நினைப்பவர்கள் ஒரே ஒரு தாளை நிரப்பிப் பார்க்கலாம்.

இதைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு, அதற்குத் தாள்கூட வேண்டாம். கேள்வி கேட்டு முடித்ததற்கும் நாம் அடுத்த சொல்லைச் சொல்வதற்கும் இடையில் எத்தனை வினாடி விடுகிறோம் என்று ஃபோனின் கடிகாரத்தில் பார்த்தால் போதும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் இதைப் பதிவுகளிலிருந்து அளந்து, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, விடையே சொல்லாமல் இருப்பது குறைந்தது என்றும் காட்டினார். சங்கீதம் கற்கிறவர்கள் தம் சாதகத்தைப் பதிவு செய்து கேட்பதைத் திருவையாற்றில் பார்க்கிறோம்; தாளம் எங்கே ஓடுகிறது என்பது பாடும்போது தெரியாது, கேட்கும்போது தெரியும். கேள்விக்குப் பின் வரும் இடைவெளியும் அப்படித்தான்.

இரட்டை மைக்கின் அருமை இங்கேதான் வருகிறது. செட்டில் ஸ்டீரியோ என்ற அமைப்பு இருந்தால் ஒரு மைக்கின் ஒலி இடக் காதிலும் மற்றதன் ஒலி வலக் காதிலும் தனித்தனியாகப் பதிவாகும். விலை குறைந்த பல செட்டுகள் இரண்டையும் கலந்துவிடுகின்றன. வாங்கும் முன் கடையிலேயே பதிவு செய்து கேட்டுவிட வேண்டியது இதைத்தான். ஒரு மைக் என் தோளில், இன்னொன்று கடைசி பெஞ்சின் மேல் எல்லோருக்கும் தெரியும்படி. செங்கோண முக்கோணத்தில் மற்ற இரு கோணங்களின் கூடுதல் என்ன என்று கேட்ட ஒரு பாடவேளையில், இடக் காதில் கேட்டது இவ்வளவுதான்: கேள்வி, முன்வரிசையிலிருந்து உடனே "தொண்ணூறு டீச்சர்", பிறகு "வெரி குட்". வலக் காதில் அதே நேரத்தில் நடந்தது வேறு.

"எப்படிடா தொண்ணூறு?"

"நூத்தியெம்பதுல தொண்ணூறு போனா தொண்ணூறுதானே."

"அது ஏன் நூத்தியெம்பது?"

அந்த மூன்றாவது கேள்விக்கு அங்கே யாரும் விடை சொல்லவில்லை, பாடம் அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. மறுநாள் வகுப்பு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது: காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கிழித்து ஒரு கோட்டின் மேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் வரும் விடை எந்த மைக்கிலும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது, அதை வைத்து எதையும் மதிப்பிட இயலாது. மதிப்பீட்டுக்கு உதவுவது பின்பெஞ்சின் பேச்சு.

அந்தப் பேச்சைப் பதிவு செய்வதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. 18 வயது நிறையாதவர்களின் தனித் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதையே 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அடிப்படையாக வைக்கிறது. பிள்ளைகளிடம் நோக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். முதல் சில நாள்கள் மைக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்; மறந்தபின் வீட்டு விவகாரங்களும் அதில் விழும். கேட்டு முடித்ததும் கோப்பை அழித்துவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கு இதில் எதுவும் இல்லை.

மைக்கால் முடியாததையும் சொல்ல வேண்டும். பேசாத பிள்ளை அதில் இல்லை. யார் எந்தப் படியில் தடுக்கினார் என்பதைப் பாடவேளையின் கடைசியில் ஆளுக்கு அரைத் தாள் கொடுத்து ஒரு கணக்குப் போடச் சொன்னால்தான் அறியலாம். செலவு அநேகமாக இல்லை. சக ஆசிரியர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதும் நல்லதுதான், அவருக்கு அந்தப் பாடவேளை காலியாக இருந்தால். பேச்சைத் தமிழ் எழுத்தாக்கித் தரும் வசதியை நான் நம்பவில்லை. எங்கள் வட்டாரப் பேச்சும் கணக்குச் சொற்களும் கலந்த இடத்தில் அது தந்த வரிகளைத் திருத்துவதைவிட மறுபடி கேட்பது விரைவாக முடிகிறது.

பணம் செலவழிக்கும் முன் ஃபோனையே மேசைமேல் வைத்து ஒரு வாரம் பதிவு செய்து பாருங்கள். உங்கள் பேச்சுக்கு அது ஏறக்குறையப் போதும். கேட்க உட்காரும் பொறுமை அந்த வாரத்தில் வராவிட்டால் மைக் வாங்கியும் வராது. வாங்குகிறவர் பில் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு வந்த முதல் செட்டில் ஒரு மைக் சார்ஜ் ஏறவில்லை, பில் இருந்ததால் கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். உள்ளிருக்கும் பேட்டரியை மாற்ற வழியில்லை என்பதால், மே விடுமுறையில் அலமாரியில் பூட்டி வைக்காமல் இடையில் ஒருமுறை சார்ஜ் போட்டு வைக்க வேண்டும்.