இடிக்கறதுக்குள்ள ஒரு படம் பாத்துடுங்க: வண்ணாரப்பேட்டை பக்கத்து பழைய தியேட்டர் ரிவ்யூ

பேரு போடல, தெரிஞ்சே தான். வித்தாச்சுன்னு ஒரு பேச்சு, இல்ல பா லீஸுக்கு விடறாங்கன்னு ஒரு பேச்சு, கல்யாண மண்டபம் ஆவப் போவுதுன்னு எதிர் டீக்கடைல அடிச்சு சொல்றாங்க. இதுல நான் வேற பேரப் போட்டு எழுதி, அத எவனாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல சுத்த விட்டா வேலை செய்யறவங்களுக்கு தான் கஷ்டம். ஏரியா ஆளுங்களுக்கு படிக்கும்போதே புரிஞ்சிடும். தண்டையார்பேட்டைக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் நடுவுல இன்னும் ஒத்த ஸ்கிரீனோட மூச்சு விட்டுனு இருக்கறது எத்தன இருக்குது சொல்லுங்க.

இந்த ரிவ்யூ பில்டிங்குக்கு. படம் எப்டின்னு கேட்டு யாரும் கமெண்ட் போடாதீங்க, படம் சுமார்.

மொதல்ல கவுண்டர். ஆன்லைன் புக்கிங் இருக்குது, ஆனா நேர்ல போயி எடுங்க, ஏன்னா அந்த கூண்டு வழிய பாக்கணும். ஒரு ஆளு மட்டும் போற அளவுக்கு குறுகலா ரெண்டு பக்கமும் சுவரு, மேல கம்பி வல, நடுவுல இடுப்பு உயரத்துக்கு இரும்பு பைப்பு. அந்த பைப்புல பெயிண்ட்டுன்னு ஒண்ணும் கிடையாது, கைப்பட்டு கைப்பட்டு வழவழன்னு வெள்ளி மாதிரி ஆயிருக்குது, ஆனா அடிப்பக்கம் தொட்டு பாத்தா பழைய பச்ச பெயிண்ட்டு செதில் செதிலா இன்னும் இருக்குது. கடைசில டிக்கெட் குடுக்கற பொந்து, ஒரு கை தான் நுழையும், காச மூடி உள்ள விட்டா டிக்கெட்டோட வெளிய வரும். புதுப்படத்துக்கு மொத நாள் இந்த கூண்டுல மாட்டினவங்களுக்கு தெரியும், முன்னாடியும் போவ முடியாது பின்னாடியும் வர முடியாது, சட்ட பட்டன் போயிடும். பொம்பளைங்களுக்கு தனி கவுண்டர் இருந்துச்சு, இப்ப அதுல பைக் ஹெல்மெட்டு வைக்கறாங்க.

உள்ள ஹாலு. இங்க தான் மல்டிபிளெக்ஸ் காரன் தோத்தான். சீலிங்கு அவ்ளோ உயரம், ஸ்கிரீன் அவ்ளோ அகலம், பால்கனி மொத வரிசைல உக்காந்தா கண்ணுக்கு நேரா ஃபுல் ஸ்கிரீன், முன்னாடி ஒருத்தன் தலையும் மறைக்காது. தரை சரிவு நல்லா குடுத்து கட்டிருக்காங்க, கீழ கடைசி வரிசைல இருந்தும் சப்டைட்டில் வரைக்கும் தெரியுது. அப்பல்லாம் ஏசி கிடையாதே, காத்து வரணும்னு பக்கவாட்டுல பெரிய பெரிய கதவா வச்சு கட்டினது, அதனால இப்ப கூட ஏசிய கொஞ்சமா போட்டாலும் மூச்சு முட்டல. சீட்டு தான் பாவம். ஸ்பிரிங்கு எழுந்து நிக்குது, உக்காரும்போதே கைய வச்சு அமுக்கி பாத்து உக்காருங்க. கீழ நடுப்பகுதி சீட்ட மட்டும் மாத்திருக்காங்க, ஓரத்துல பழைய சீட்டு அப்படியே.

படம் தெரியறது எப்படின்னா, ஒழுங்கா சொல்லணும்னா டல்லு. ப்ரொஜெக்டர் லேம்ப்புக்கு இத்தன மணி நேரம்னு ஒரு ஆயுசு இருக்கு, அது தாண்டியும் ஓட்டினா வெளிச்சம் இறங்கிடும், புதுசு போட காசு வேணும். இன்னொன்னு, 3டி படத்துக்காக எப்பவோ வெள்ளி ஸ்கிரீன் போட்டிருப்பாங்க போல, அத மாத்தவே இல்ல, அதனால நடுவுல பளிச்சுன்னும் ஓரம் மங்கலாவும் தெரியுது, நைட்டு சீன் வந்தா யாரு யார வெட்டறான்னே புரியல. சவுண்டு வேற கத. கூட்டம் இல்லன்னா எக்கோ அடிக்குது, டயலாக் ரெண்டு வாட்டி கேக்குது. ஹால் ரொம்பிடுச்சுன்னா அதே ஸ்பீக்கரு கும்முனு கேக்கும், மனுஷங்க உடம்பே சத்தத்த உறிஞ்சிடுது. நம்பலன்னா புதன்கிழம மேட்னிக்கு ஒரு வாட்டி, பெரிய ஹீரோ படம் மொத ஞாயிறு ஒரு வாட்டி போயி பாருங்க.

ஆபரேட்டர் அண்ணன் கிட்ட பேச்சு குடுத்தேன், மேல கூட்டினு போயி காட்டினாரு. பழைய ப்ரொஜெக்டர் ஒண்ணு இன்னும் ஓரமா துணி போட்டு மூடி வச்சிருக்காங்க, ஜோடில இன்னொன்னு இரும்பு கடைக்கு போயிடுச்சாம். ரெண்டு எதுக்குன்னா ஃபிலிம் காலத்துல ரெண்டாயிரம் அடி ரீலு ஒண்ணு இருபது நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல தான் ஓடும், முடியற நேரத்துல ஸ்கிரீன் வலது மேல் மூலைல ஒரு புள்ளி மின்னும், அத பாத்து டக்குனு அடுத்த மெஷின ஓட விடணும். விட்டா கீழருந்து விசில் பறக்கும், அப்புறம் அம்மா அக்கான்னு எல்லாம் வரும். "இப்ப என்னா தம்பி வேல, ஹார்ட் டிஸ்க்க போட்டு பட்டன தட்டினா போதும், தூங்கினா கூட படம் ஓடும்"னு சிரிக்கறாரு. இப்படி டிஜிட்டலா படம் ஓட்டற க்யூப் சிஸ்டம் நம்ம சென்னைலயே உருவானது தான், அது வந்த அப்புறம் பிரிண்ட்டு செலவு போச்சு, பதிலுக்கு டிஜிட்டல் கட்டணம்னு ஒரு தலவலி வந்துச்சு. 2018 மார்ச்சுல அந்த கட்டண சண்டைல தான் புதுப்படமே ரிலீஸ் ஆவாம நின்னுச்சு, ஞாபகம் இருக்கும்.

கேன்டீன்: முட்டை போண்டா இல்ல. நிறுத்திட்டாங்க. மிஷின் பாப்கார்ன், பஃப்ஸ், கூல்ட்ரிங்ஸ், அவ்ளோ தான். வெல மாலுக்கு பாதி கூட இல்ல, அதுக்கு ஒரு கும்பிடு. இடைவேளைல பசிச்சா தாங்கிக்கோங்க, படம் முடிஞ்சு வெளிய வந்து தெருமுனைல அத்தோ நூடுல்ஸ் சாப்டுங்க, பர்மால இருந்து வந்தவங்களால இந்த ஏரியாவுக்கு கெடச்ச சொத்து அது, மேல முட்டை பேஜோவும் வாங்கிக்கோங்க.

டாய்லெட் பத்தி ஒரே வரி தான், வீட்லயே போய்ட்டு வாங்க. லேடீஸ் டாய்லெட்டுக்கு தாழ்ப்பாளே இல்லன்னு என் தங்கச்சி திட்டினு வந்தா, மேனேஜர் கிட்ட சொன்னதுக்கு "இனிமே செலவு பண்ணி என்னா சார் ஆவப்போவுது"ன்னாரு. எனக்கு கோவம் வந்த எடம் இது தான். நாளைக்கு மூடுவியோ மாட்டியோ, இன்னிக்கு டிக்கெட் வித்திருக்க இல்ல? ஒரு தாழ்ப்பாளு என்ன வெல? பழசாயிடுச்சுன்னு யாரும் தியேட்டர வெறுக்கல, இந்த மாதிரி விட்டேத்தியா இருக்கறதால தான் குடும்பத்தோட வர்றவங்க மெட்ரோ ஏறி வேற பக்கம் போறாங்க.

கூட்டம் ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டா எல்லாரும் ஓடிடின்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. அது ஒரு காரணம், நாலு வாரத்துல படம் போன்ல வந்துடுது, எட்டு வாரமாவது ஆவட்டும்னு தியேட்டர் காரங்க கேட்டுனே இருக்காங்க, நடக்கல. ஆனா வடசென்னைக்கு தனி கணக்கு ஒண்ணு இருக்குது. இங்க செகண்ட் ஷோ ஓடினதே ஷிஃப்ட்டு முடிஞ்சு வர்றவங்களால. ஹார்பர், பிரஸ்ஸு, கம்பெனி, மில்லு. பெரம்பூர் பி அண்ட் சி மில்ல 1996-ல மூடினாங்க, அதுக்கப்புறம் அந்த பக்கம் தியேட்டர்ங்களோட ராத்திரி ஆட்டத்துக்கு ஆளு எங்கருந்து வரும்? காசிமேட்டு ஆளுங்க இன்னும் வராங்க, ஆனா அதுவும் சீசன் தான். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், போட்டு கரைல கட்டியிருக்கும், ஆளுங்களுக்கு நேரம் நெறைய இருக்கும், பாக்கெட்ல காசு இருக்காது. ஸ்கூல் லீவுன்னு ஊரெல்லாம் ஹவுஸ்ஃபுல் ஆவற மாசத்துல இங்க பாதி ஹாலு காலி. இத ஏரியாவுக்கு வெளிய இருந்து பாக்கறவன் புரிஞ்சிக்க மாட்டான்.

சரி, என்ன ஆவப்போவுது இந்த பில்டிங்கு?

மத்த தியேட்டருக்கு என்ன ஆச்சுன்னு பாத்தாலே தெரியும். மெட்ராஸ்ல ரகுபதி வெங்கையா 1914-ல கெயிட்டி கட்டினாரு, அப்புறம் தங்கசாலைல கிரௌன், ரெண்டுமே இன்னிக்கு இல்ல. சாந்தி 1961-ல திறந்து 2016-ல மூடினது. தண்டையார்பேட்டை அகஸ்தியா அம்பது வருஷத்துக்கு மேல ஓடிச்சு, 2020-ல கொரோனா பூட்டு போட்டது தான், தெறக்கவே இல்ல. அசோக் நகர் உதயம் 2024. பெரம்பூர் பிருந்தா 1985-ல ரஜினி வந்து திறந்து வச்சது, ரஜினி தியேட்டர்னே சொல்லுவாங்க, அதுக்கும் 2025-ல கத முடிஞ்சுது. மூடற அன்னிக்கு மட்டும் போட்டோ எடுக்க கூட்டம் அள்ளும், அழுது ஸ்டேட்டஸ் போடுவாங்க. அந்த கூட்டத்துல பாதி பேரு முந்தின வருஷம் ஒரு டிக்கெட் வாங்கிருந்தா கூட, சரி விடுங்க.

ஓனர் மேல கோவப்படறதுல அர்த்தம் இல்லன்னு எனக்கு தோணுது, கணக்கு போட்டு பாருங்க. பத்து கிரவுண்டு எடம்னு வச்சிக்கோங்க, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஆக மொத்தம் 24,000. இப்ப இருக்கற ரூல்ல நார்மல் எஃப்எஸ்ஐ 2, எடத்தோட அளவுக்கு ரெண்டு மடங்கு, அதாவது 48,000 சதுர அடி கட்டலாம். அத ப்ளாட்டு போட்டு வித்தா ரெண்டு வருஷத்துல கை நெறைய காசு. இந்த பக்கம் தியேட்டர்ல சாதா நாள்ல ஷோவுக்கு நாப்பது பேரு, நூறு ரூவா டிக்கெட்டு, நாலு ஷோ, மொத்தம் 16,000. அதுல நூறு ரூவா வரைக்கும் ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 பர்சன்ட்டா 2025 செப்டம்பர்ல கொறச்சாங்க, நல்லது, ஆனா கேளிக்கை வரி தனி, டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு போனா மீதி பாதி கூட கைல நிக்காது, அதுல தான் கரண்ட் பில்லு, ஆளு சம்பளம், லேம்ப்பு எல்லாம். இதுக்கு மேல 2021 பிப்ரவரி 14-ல வண்ணாரப்பேட்டைலருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துச்சு பாருங்க, டிஹெச் ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) ஓரம் நெலத்து வெல எங்கயோ போயிடுச்சு. பல வருஷம் ரோட்ட நோண்டி வச்சப்ப தியேட்டருக்கு வர முடியாம கூட்டம் போச்சு, ரோடு சரியானதும் நெலத்துக்கு ஆள் வராங்க. இது தான் நம்ம ஏரியா ராசி.

லைசென்ஸ் விஷயமும் இருக்குது. 1955 சினிமா சட்டத்துல தியேட்டர் நடத்த குடுக்கறது சி ஃபார்ம் லைசென்ஸ், அத புதுப்பிக்கணும்னா கட்டடம் உறுதியா இருக்குன்னு சர்டிஃபிகேட், கரண்ட்டு, ஃபயரு எல்லாம் சரியா இருக்கணும். ஓடினு இருக்கற வரைக்கும் எப்டியோ தள்ளிக்கலாம். ஒரு வாட்டி மூடி, லைசென்ஸ விட்டுட்டு, மறுபடி தெறக்கறேன்னு போனா இன்னிக்கு ரூலுக்கு பார்க்கிங்கு எங்கன்னு கேப்பான், அந்த காலத்துல சைக்கிள் ஸ்டாண்டு தான கட்டினாங்க. அதனால "கொஞ்ச நாள் மூடி ரெனோவேஷன்"னு போர்டு வச்சா நான் நம்ப மாட்டேன்.

ஹெரிடேஜ்னு சொல்லி காப்பாத்தணும்னு சில பேரு கெளம்புவாங்க. முகப்பு சுவர மட்டும் நிக்க வச்சு பின்னாடி துணிக்கடை வந்தா அதுல என்ன இருக்குது? ஏற்கெனவே எம்.சி. ரோட்ல துணிக்கடைக்கு பஞ்சமா. எனக்கு சரின்னு படறது ஒண்ணு தான், பால்கனிய தனி ஸ்கிரீனா தடுத்து மேல முந்நூறு சீட்டு, கீழ ஒரு ஹாலு, ரெண்டு படம் ஓட்டணும். நாலஞ்சு பழைய தியேட்டர் இப்படி தான் தப்பிச்சுது. அந்த பெரிய ஹாலு அழகு போயிடும் தான், பால்கனில இருந்து பாக்கற அந்த அகலம் திரும்ப கெடைக்காது. ஆனா ஒரு படம் ஊத்திக்கிச்சுன்னா இன்னொரு படம் காப்பாத்தும், ஏரியால நூறு ரூவாய்க்கு படம் பாக்க ஒரு எடம் மிஞ்சும். நாலு பேரு குடும்பம் மாலுக்கு போனா டிக்கெட்டு, பார்க்கிங்கு, பாப்கார்ன்னு ஒரு நாள் கூலிக்கு மேல போயிடுதே, அவங்க எங்க போவாங்க.

என் மார்க்கு: ஹாலுக்கு அஞ்சுக்கு அஞ்சு, படம் தெரியறதுக்கு ரெண்டரை, சவுண்டு கூட்டத்த பொறுத்து, டாய்லெட்டுக்கு சைபர், வெலைக்கு நாலரை, வேலை செய்யறவங்களுக்கு அஞ்சு, மேனேஜர தவிர.

போறவங்களுக்கு: கார் எடுத்துனு போவாதீங்க, தெருவுல நிறுத்தினா வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, மெட்ரோல எறங்கி நடந்துடலாம். பால்கனில மொத ரெண்டு வரிச, நடுவுல கேளுங்க, கவுண்டர்ல கேட்டா போட்டு தருவாங்க. ஃபேன் சத்தம் இருக்கறதால சுவரு ஓரம் வேணாம். இருட்டு படம், பேய் படம் இங்க பாக்காதீங்க, ஒண்ணும் தெரியாது. பாட்டு சண்டைன்னு கலரா இருக்கற படத்துக்கு போங்க, ஞாயித்துக்கெழம ஃபர்ஸ்ட் ஷோ பெஸ்ட்டு. அடுத்த மாசம் போலாம்னு மட்டும் தள்ளி போடாதீங்க, அடுத்த மாசம் படம் ஓடுமான்னு ஆபரேட்டர் அண்ணனுக்கே தெரியல.