பாப்பாவின் மூன்று வருட ஆல்பம்: ரோஸ் ஹில் கடையில் அச்சடித்த அனுபவம்

ஆல்பம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே எழுதியிருந்தால் வெறும் சந்தோஷத்தை மட்டும் எழுதியிருப்பேன். இப்போது மூன்று வயதுக் குழந்தையின் கையில் தினமும் புரண்டு, அன்னாசிச் சாறு பட்டு, கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் கிடந்து மீண்ட பிறகு எழுதுகிறேன், அதனால் இதை நம்பலாம்.

மொரீசியஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தில் தமிழ் எழுத்து வரப்போகிறது என்றால், அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு அவசரம் என்றாலும்.

கடை ரோஸ் ஹில்லில், மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மூன்று பேர் நடத்தும் சின்ன இடம், முன்பக்கம் பாஸ்போர்ட் போட்டோ, உள்ளே அச்சு இயந்திரம். பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் எடுத்தது 40 பக்கம், 30 சென்டிமீட்டர் சதுரம், கெட்டி அட்டை, மங்கலான பூச்சு. மொத்தம் 3,200 மொரீசியஸ் ரூபாய் ஆனது. எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை, ஆனாலும் கொடுத்ததற்கு வருத்தமில்லை.

இதற்கு முன் பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் ஒரு ஆல்பம் செய்தோம். அதில் எல்லாமே தவறாகப் போயிற்று. மொட்டை போட்ட படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரித்து வைத்திருந்தேன், வைத்தீஸ்வரன் கோயிலில் எடுத்தது, என் அம்மா மடியில் அவள் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். ஆல்பம் வந்தபோது அவள் முகம் நடு மடிப்புக்குள் போய்விட்டது, ஒரு கண்ணும் அம்மாவின் வளையலும்தான் தெரிந்தன. தமிழ் எழுத்து எல்லாம் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டேன், ஒரு நாளும் எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

அதனால் இந்த முறை நேரில் போய்ப் பேசி, தாளைத் தொட்டுப் பார்த்துச் செய்யவேண்டும் என்று முடிவு செய்தோம். இந்தக் கடையில் பக்கங்களை முதுகோடு முதுகு ஒட்டிப் பைண்டிங் செய்கிறார்கள், அதனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேஜை மேல் தட்டையாகப் படுத்துவிடுகிறது. நடுவில் மடிப்புப் பள்ளம் கிடையாது, ஒரு மெல்லிய கோடு மட்டும்தான். அதே மொட்டைப் படத்தை இதிலும் போட்டோம், இப்போது முழு முகமும் தெரிகிறது, கண்ணீர் கூடத் தெரிகிறது. பக்கங்களும் அட்டை போலக் கனமாக இருப்பதால் குழந்தை தானே புரட்ட முடிகிறது, கிழியவில்லை. இதற்காகவே இந்த வகையைத்தான் எடுக்கவேண்டும் என்பேன், சிறு குழந்தை உள்ள வீட்டில் வேறு பைண்டிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

படம் பொறுக்குவதுதான் பெரிய வேலை. எங்கள் இரண்டு போனிலும் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் இருந்தது, அதில் 140 எடுத்தோம். வடிவமைப்பு செய்யும் பெண் ரொம்பப் பொறுமையானவர், ஆனால் பண்டிகைப் படங்களை மட்டும் பெரிதாகப் போட்டு மற்றதை விட்டுவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொங்கல், தைப்பூசக் காவடி, தமிழ் வருடப் பிறப்பு, தீபாவளி எல்லாம் வேண்டும்தான், ஆனால் அவள் முதல் முறை தானாகச் செருப்பு மாட்டியது (இடது வலது மாறித்தான்), டம்ளரில் ரசம் குடித்து மூக்கைச் சுளித்தது, மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் மாதிரி நின்றது, இவைதானே திரும்ப வராது? பண்டிகை அடுத்த வருடமும் வரும். கடைசியில் ஒவ்வொரு பண்டிகைப் பக்கத்துக்கும் எதிரே ஒரு சாதாரண நாள் பக்கம் என்று அவரே ஒரு வழி சொன்னார், அது அழகாக வந்திருக்கிறது. காவடிப் பக்கத்துக்கு எதிரே ரசம். இங்கே தேசிய தினமான மார்ச் 12 அன்று சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு நிறக் கொடியை ஆட்டிக்கொண்டு நிற்கும் படத்துக்கு எதிரே, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வசந்த விழாவுக்கு (சீனப் புத்தாண்டு) கொடுத்த ஒட்டும் அரிசிமாவுக் கேக்கை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருக்கும் படம்.

ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரையில் சவுக்கு மர நிழலிலிருந்து ஓடிப்போய் முதல் அலையை மிதித்த படம் நான் எதிர்பார்த்ததை விட நன்றாக வந்திருக்கிறது, அந்த நீர் நிறம் அப்படியே இருக்கிறது. பாம்ப்ளமூஸ் தோட்டத்தில் எடுத்த ஒன்றும் அப்படித்தான். எல்லோரும் அங்கே குளத்தில் இருக்கும் ராட்சத அல்லி இலைகளைத்தான் எடுப்பார்கள், நாங்களும் எடுத்தோம். ஆனால் எனக்குப் பிடித்தது குடைப்பனைக்குக் கீழே அவள் அண்ணாந்து நிற்கும் படம். நம் ஊரில் ஓலைச்சுவடிக்குப் பயன்பட்ட பனைகளில் இதுவும் ஒன்று. பல பத்து வருடம் வளர்ந்து ஒரே ஒரு முறை பூத்துவிட்டுப் பட்டுப்போகும் மரம். அந்தப் படத்தை ஒரு முழுப் பக்கத்துக்குக் கேட்டேன், கொடுத்தார்கள்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்லவேண்டும், எங்களுக்கு இரண்டு படங்கள் இதனால்தான் கெட்டன. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்கிறார்கள். 12 அங்குலப் பக்கம் முழுவதும் ஒரு படம் வேண்டுமென்றால் அது 3,600 புள்ளி அகலம் இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி 1,600 அளவுக்குத்தான் வரும், அது ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. என் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய தேர்ப் படத்தைப் பெரிதாகப் போட்டதில் முகங்கள் எல்லாம் மாவு பூசியது போல ஆகிவிட்டன. அனுப்புகிறவர்களிடம் படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அளவு குறையாமல் வரும். இது கடையின் தவறு இல்லை, ஆனால் அவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம்.

நிறத்தில் ஒரு குறை இருக்கிறது. இங்கே காவடி எடுக்கும்போது உடுத்தும் அந்தப் பளீர் இளஞ்சிவப்பு, போனில் எரிவது போல இருக்கும், அச்சில் கொஞ்சம் அடங்கிப்போய்விட்டது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையைக் கலந்து காட்டுகிறது, அந்த இளஞ்சிவப்பு மைக்கு எட்டாது என்று விளக்கினார்கள். புரிகிறது. இருந்தாலும் மாமா (என் கணவரின் அப்பா) காவடி தூக்கி நிற்கும் பக்கத்தைத் திறக்கும்போது எனக்குச் சின்ன ஏமாற்றம் வரத்தான் செய்கிறது. மஞ்சளும் பச்சையும் அப்படியே இருக்கின்றன, காவடியில் சுற்றிய தென்னங்குருத்து நேற்றுப் பறித்தது போல இருக்கிறது.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் தமிழில் பேசுகிறவள். என் கணவரும் அத்தையும் மாமாவும் பாப்பாவிடம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசுவார்கள். மாமா சின்ன வயதில் பள்ளியில் தமிழ் படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு. ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தமிழில் ஒரு வரி வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததே, மாமா அதை வாசிக்க அவள் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான்.

முதல் மாதிரிப் பக்கங்கள் வந்தன. மாமாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் வாசித்தார். "பயெர் சூட்டிய நாள்" என்று வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது! ‘பெ’யில் முன்னால் நிற்கவேண்டிய ஒற்றைக் கொம்பு, பகரத்துக்குப் பின்னால் போய் யகரத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ‘தேர்’ படத்துக்குக் கீழே "தரே்". ‘பொங்கல்’ என்ற சொல்லில் நடுவே புள்ளி வைத்த வட்டம் ஒன்று. தமிழ் தெரிந்த நாம் ஒரு நொடியில் சரியாகப் புரிந்துகொண்டு தாண்டிவிடுவோம், ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு அது வேறு சொல். பாப்பாவின் பெயரிலும் ஒரு கொம்பு இருக்கிறது, அட்டையில் அவள் பெயரே தப்பாக இருந்தது.

கடைக்குப் போய்க் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நான் அனுப்பியதை அப்படியே ஒட்டியிருக்கிறார், அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உரிமையாளர் மட்டும், இது சின்ன விஷயம், படம்தானே முக்கியம், இரண்டு பேர்தானே வாசிக்கப்போகிறீர்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, மறைக்கவில்லை. கூட வந்த மாமா எதுவும் பேசாமல் பர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, அதிலிருக்கும் தமிழ் எழுத்தைக் காட்டினார். 1998-ல் புது நோட்டுகளில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டதற்கு இங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாமாவுக்கு அது நேற்று நடந்தது போல. "நோட்டிலேயே சரியாக இருக்கிறது, என் பேத்தி பெயர் சரியாக வராதா?" என்று கிரியோலில் கேட்டார், குரலை உயர்த்தவே இல்லை.

உரிமையாளர் அதன் பிறகு மாறிவிட்டார், அதை நான் சொல்லியே ஆகவேண்டும். மன்னிப்புக் கேட்டு, எங்களோடேயே உட்கார்ந்து என்ன காரணம் என்று தேடினார். விஷயம் இதுதான்: கணினியில் நாம் ‘பெ’ என்று அடித்தால் உள்ளே ப முதலில், கொம்பு அடுத்து என்றுதான் பதிவாகும். அதைக் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அவர்கள் பயன்படுத்தும் வடிவமைப்பு மென்பொருளில் ஐரோப்பிய மொழிகளுக்கான அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது, தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பு தனியாக இருக்கிறது, அதை மாற்றியதும் எல்லாக் கொம்பும் தன் இடத்துக்கு வந்துவிட்டது. பத்து நிமிட வேலை கூட இல்லை. உங்கள் கடையில் அது முடியாவிட்டால், ஒவ்வொரு வரியையும் நீங்களே கணினியில் அடித்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும், கலையாது.

நாற்பது பக்கத்தையும் மறுபடி அச்சடித்துப் பார்த்தோம், மாமா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. சொன்ன தேதியை விட ஒன்பது நாள் தாமதம், அதில் பாதி புயல் எச்சரிக்கையால், எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறிவிட்டால் இங்கே கடையும் பஸ்ஸும் எதுவும் கிடையாது, அதை யார் மீதும் போட முடியாது.

மற்றவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டையின் ஒரு மூலை இப்போதே கொஞ்சம் பிரிந்திருக்கிறது, பசை போதவில்லை என்று நினைக்கிறேன். மங்கலான பூச்சையே எடுங்கள், பளபளப்பில் விரல் ரேகை விழும், இந்த ஊர் ஈரக்காற்றில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யும் என்றார்கள். அன்னாசிச் சாற்றை ஈரத்துணியால் துடைத்தேன், கறை நிற்கவில்லை. கூடக் கொடுக்கும் பெட்டி வீண், அதற்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆல்பம் மாமா மடிக்குப் போகிறது. அவள் படத்தைத் தொட்டு "முவா!" (கிரியோலில் ‘நான்’) என்று கத்துவாள், மாமா கீழே இருக்கும் வரியை மெதுவாக வாசிப்பார், அவள் திருப்பிச் சொல்வாள். ‘செருப்பு’ என்ற சொல் அப்படித்தான் அவள் வாயில் வந்தது, நான் எத்தனையோ முறை சொல்லியும் கிரியோலில் சப்பாத் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பிரதிக்குச் சொல்லியிருக்கிறேன், ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு. இதில் தேர்ப் படத்தின் மூலப்படத்தை டாக்குமெண்டாக வாங்கி மாற்றியாகிவிட்டது. கடைசி இரண்டு பக்கத்தைக் காலியாக விடச் சொன்னேன், பாப்பா ஜனவரியில் பள்ளிக்குப் போன முதல் நாள் படங்களை ஒட்ட. அந்தப் பூச்சில் பால்பாயிண்ட் பேனா எழுதாது, மெல்லிய மார்க்கர் பேனா வேண்டும், அதையும் கூடவே வைத்து அனுப்புகிறோம்.