பூனை சம்பல நக்கிருச்சு: சும்மா விடறதா, வாந்தி எடுக்க வைக்கறதா, ஈப்போ மிருக டாக்டர்கிட்ட ஓடறதா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்டுல எங்க வீட்டுல போன மாசம் நடந்தது. காலையில பசியாற நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) பொட்டலத்த பிரிச்சு வச்சிட்டு கோப்பி கலக்கப் போனேன், திரும்பி வந்தா இக்கான் பிலிஸ் (நெத்திலி) ஒண்ணு கூட இல்ல, சம்பல் (மொளகாய் அரைச்சு வதக்குனது) பாதி காலி, நம்ம பூனை கறுப்பன் மீசையில செவப்பா எண்ணெய். உடனே வீட்டுல மூணு கட்சி.

அம்மா சொல்றாங்க, ஒண்ணும் ஆவாது விடு, எஸ்டேட் லயத்து வீட்டுல இருந்தப்ப சோறும் மீன் கொழம்பும்தான் போட்டோம், எந்தப் பூனை செத்துச்சு? (ரப்பர் காட்டுக்குள்ள போய் செத்தத யாரு எண்ணுனா, அது வேற கத.) ஆனா பாதி சரிதான். உப்பு மசாலா படாத கெம்போங் மீனு (கானாங்கெளுத்தி மாதிரி), அவிச்ச கோழி, முட்டைன்னா நானும் அம்மா கட்சி, தண்ணி வச்சிட்டு விட்டுடலாம், வெந்த எலும்ப மட்டும் பிடுங்கிடுங்க, அது கூரா ஒடைஞ்சு குத்தும்.

சம்பல் அப்படி இல்ல. அதுல வெங்காயம் பூண்டு இருக்கு, அதுல உள்ள கந்தகச் சமாச்சாரம் பூனை ரத்தத்துல சிவப்பணுவ ஒடைச்சிடும், வதக்குனாலும் பொடியாக்குனாலும் போவாது, பூண்டு இன்னும் மோசம். வெங்காயம் கிலோவுக்கு 5 கிராம் போனாலே ஆபத்துன்னு கணக்கு, 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது சின்ன வெங்காயம் ரெண்டு மூணுதான். இதுல நம்மள ஏமாத்தறது என்னன்னா அன்னிக்கு பூனை நல்லா ஓடி ஆடும், ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூத்திரம் கோப்பி கலர்ல போவும். ஒரு ராத்திரி பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றது பத்தாது.

அத்தை வழி உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்கறது. மூணுலயும் இதுதான் படு மோசம், உப்பே வெஷமாயிடும், தண்ணி நுரையீரலுக்குள்ள போனா அது இன்னொரு வியாதி. பாலு ஊத்துனா வெஷம் முறியும்னு சொல்றதும் சும்மா, வளர்ந்த பூனை நெறயதுக்கு பாலு செரிக்காது, பேதிதான் போவும். சோர்ந்து கெடக்குதேன்னு பாரசிட்டமோல் மட்டும் குடுத்துடாதீங்க, ஒரு மாத்திரையே கொன்னுடும்.

கடைசி வழி டாக்டர். ஈப்போ போவ அரை மணி நேரத்துக்கு மேல ஆவும், காசும் போவும், ஆனா வாந்தி எடுக்க ஊசி போடறதெல்லாம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துக்குள்ளதான் பலிக்கும், அதனால யோசிச்சுக்கிட்டு உக்காராம முதல்ல போன் அடிச்சேன். என்ன சாப்பிட்டுச்சு, எவ்வளவு, எப்ப, எத்தன கிலோன்னு நாலே கேள்வி, சொன்னதும் உடனே கொண்டு வான்னுட்டாங்க. ஊசி போட்டாங்க, அப்பளம் மாதிரி நசுங்குன பிலிஸ் எல்லாம் வெளிய வந்துச்சு.

அப்புறம் ஒரு வாரம் தெனமும் ஒதட்ட தூக்கி ஈறு பாத்தேன், ரோஸ் கலர்லயே இருந்துச்சு. என் கையிலதான் கீறல்.