மும்மொழி பாடசாலைக்கா, பிள்ளைக்கா? கொழும்பில் ஆரம்பப் பாடசாலை தெரிவு செய்வது பற்றிய ஓர் ஒப்பீடு

மகளுக்குப் பாடசாலை தேடிய மாதங்களில் எங்கள் கைக்கு வந்த கையேடுகள் பெரும்பாலானவற்றில் "மும்மொழிச் சூழல்" என்ற சொற்றொடர் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பொய்யென்று சொல்ல முடியாது. ஒரு பாடசாலையில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மூன்றும் கற்பிக்கப்படலாம். அதே பாடசாலையில் படித்த ஒரு பிள்ளை ஆங்கிலத்தை மட்டும் சரளமாக வாசிக்கத் தெரிந்தவளாக ஆரம்பப் பிரிவை முடிக்கவும் செய்யலாம். இவ்விரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும் என்பதை வாராந்த நேர அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

நாங்கள் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருப்பவர்கள். வீட்டுமொழி தமிழ், எங்கள் இருவருக்கும் அலுவலக மொழி ஆங்கிலம், மாடிப்படியிலும் கடையிலும் கந்தோரிலும் சிங்களம் வேண்டும். இத்தகைய வீட்டிலிருந்து புறப்படும் பிள்ளைக்குக் கொழும்பில் மூன்று வகைத் தெரிவுகள் உள்ளன. முதலாவது, வெளிநாட்டவர் பிள்ளைகளை மனத்திற்கொண்டு தொடங்கப்பட்டு, சர்வதேச பக்கலோரியா என்னும் ஐபி திட்டத்தைப் பின்பற்றும் பாடசாலை. இரண்டாவது, நாம் பொதுவாக "இன்டர்நெஷனல்" என்று சொல்லும், கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் என்னும் பிரித்தானியப் பரீட்சைகளை நோக்கிச் செல்லும் பாடசாலை. மூன்றாவது, தேசிய பாடத்திட்டத்தைத் தமிழ் மொழிமூலம் கற்பிக்கும் அரச பாடசாலை அல்லது பழைய தனியார் பாடசாலை.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சட்ட விவரத்தைச் சொல்ல வேண்டியுள்ளது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மூலம், அரச நிதியுதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, புதிய தனியார் பாடசாலைகளைத் தொடங்குவதும் தடைசெய்யப்பட்டது. கல்கிசை புனித தோமையர் கல்லூரி, கொழும்பு லேடீஸ் கல்லூரி போன்ற சில பாடசாலைகள் கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகளாக வெளியே நின்றன. பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் பெருகிய சர்வதேச பாடசாலைகளோ கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட்ட வணிக நிறுவனங்கள். ஆகவே ஆசிரியர் தகைமை, பாடவேளை, தாய்மொழிக் கற்பித்தல் ஆகியவற்றை வெளியிலிருந்து யாரோ மேற்பார்வை செய்வார்கள் என்று பெற்றோர் நம்பியிருக்க முடியாது. கேட்க வேண்டியதைப் பெற்றோரே கேட்க வேண்டும்.

ஐபி வகையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் எங்களைப் போன்ற பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டணமே அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. இவ்வகையில் மூத்தது, 1957 இல் தொடங்கப்பட்டு இன்று பத்தரமுல்லைக்கு அருகே பெலவத்தையில் இயங்கும் ஓவர்சீஸ் ஸ்கூல் ஒவ் கொலம்போ. மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குரிய ஐபி ஆரம்பத் திட்டம் பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைப்பதில்லை. "நாம் யார்", "உலகம் எவ்வாறு இயங்குகிறது" என்பன போன்ற ஆறு பெருங்கருப்பொருள்களின் கீழ் கணிதம், மொழி, அறிவியல் எல்லாவற்றையும் இணைக்கிறது. ஏழு வயதுக்குள்ளாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னொரு மொழியைக் கற்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதும் அதன் விதிகளில் ஒன்று. கற்பித்தல் முறை என்ற அளவில் மூன்றிலும் இதுவே சிறந்தது என்பது என் எண்ணம். ஆனால் அந்த "இன்னொரு மொழி" தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு மாறும் தூதரக அல்லது ஐ.நா. ஊழியரின் பிள்ளைக்கு, ஒரு நாட்டில் விட்ட இடத்திலிருந்து இன்னொரு நாட்டில் தொடர முடிவது பெரிய வரம். வெள்ளவத்தையிலேயே இருக்கப்போகும் பிள்ளைக்கு அந்த வரத்தால் ஆகும் பயன் குறைவு. கட்டணம் டொலரில் என்பதையும் மறக்கலாகாது: 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவில் சம்பளம் பெறும் பெற்றோருக்கு அந்த வேறுபாடு பாடசாலையையே மாற்றச் சொல்லும்.

நாங்கள் மிக அதிக நேரம் செலவிட்டது இரண்டாவது வகையின்மீதுதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, நுகேகொடை, இராஜகிரிய என்று எத்திசையில் சென்றாலும் ஒன்று உண்டு, கட்டணம் ரூபாவில், அனுமதி பெற வாக்காளர் இடாப்பு வேண்டியதில்லை, மூன்று வயதிலேயே சேர்த்துக்கொள்வார்கள். வகுப்பறைகள் வெளிச்சமாகவும் ஆசிரியைகள் அன்பாகவும் இருந்தார்கள். குறை அட்டவணையில் இருந்தது. நாங்கள் நேரில் பார்த்த பாடசாலைகளில் சிங்களமும் தமிழும் ஒரே பாடவேளையில் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. மணி அடித்ததும் சிங்களப் பிள்ளைகள் ஓர் அறைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கும் பிரிந்து செல்வார்கள். கையேடு சொன்ன மும்மொழி இதுதான்: பாடசாலைக்கு மூன்று மொழி, பிள்ளைக்கு இரண்டு. தமிழ்ப் பிள்ளை சிங்களத்தை எங்கே கற்பாள் என்று ஓர் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டபோது, "விளையாடும்போது தானாக வந்துவிடும்" என்றார். விளையாட்டிடத்தில் நாங்கள் கேட்டதோ ஆங்கிலம் மட்டுமே.

தமிழுக்குக் கிடைக்கும் பாடவேளைகளும் அதிகமில்லை. நாங்கள் பார்த்த அட்டவணைகளில் அது வாரத்திற்கு மூன்று அல்லது நான்கு. இந்த இடத்தில் பல பெற்றோர் சொல்லும் ஆறுதல் ஒன்றுண்டு: "தமிழ்தானே, வீட்டில் வந்துவிடும்." பேச்சுத் தமிழ் வரும். ஆனால் நம் மொழியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான தூரம் சிறியதன்று. "போட்டு வாறன்" என்று சொல்லி வளரும் பிள்ளை "போய்விட்டு வருகிறேன்" என்று புத்தகத்தில் காணும்போது, அது தன்னுடைய மொழிதான் என்பதையே ஒருவர் உட்கார்த்திச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. 247 எழுத்துகளை அடையாளம் காண்பது முதற்படி மட்டுமே. கண் தடுக்காமல் ஒரு பந்தியை வாசிக்கும் பழக்கம் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, சில ஆண்டுகளில்தான் படிகிறது. அதை வாரத்திற்கு மூன்று பாடவேளையில் எதிர்பார்ப்பது அந்த ஆசிரியைக்கே அநியாயம்.

கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979 இல் எடுத்துக்காட்டிய ஒரு வேறுபாடு இங்கே உதவுகிறது. அன்றாட உரையாடலுக்குப் போதுமான மொழி ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். பாடங்களை விளங்கி, சிந்தித்து, எழுதுவதற்கு வேண்டிய மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தேவைப்படலாம். ஒரு மொழியில் ஊன்றிய வாசிப்புத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவருடைய கருத்து. இதை எங்கள் நிலைக்குப் பொருத்திப் பார்த்தால், ஆறு மாதத்தில் மழலை ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளும் பிள்ளையைக் கண்டு மயங்குவதற்கும் ஒன்றுமில்லை, தரம் இரண்டில் ஆங்கிலம் தடுமாறும் தமிழ்மூலப் பிள்ளையைக் கண்டு பதறுவதற்கும் ஒன்றுமில்லை. எங்களைத் துணுக்குறச் செய்தது வேறொன்று. நேர்முகத்திற்குச் சென்ற ஒரு பாடசாலையில், பிள்ளை விரைவாகப் பழகுவதற்காக வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று அறிவுரை கூறினார்கள். அம்மம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்பதை நாங்கள் சொல்லவில்லை.

இவ்வகைப் பாடசாலைக்குரிய நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலம் அங்கே உறுதியாக வருகிறது. எடெக்செல் சர்வதேச சாதாரண தரத்தில் தமிழையும் ஒரு பாடமாக எடுக்க முடியும் என்பதால், ஆரம்பப் பிரிவில் நல்ல தமிழ் ஆசிரியை ஒருவர் இருந்து வீட்டிலும் வாசிப்புத் தொடர்ந்தால் வழி முற்றாக அடைபடாது. பிள்ளையை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்புவதென்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்குப் பணமும் உள்ள குடும்பத்திற்கு இது நேரான பாதை. அப்பணம் இல்லாதவர்கள் பாதையின் மறுமுனையையும் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது: அரச பல்கலைக்கழக அனுமதி இந்தப் பரீட்சைகளில் அல்ல, உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி என்னும் தரப்படுத்திய புள்ளியில் தங்கியிருக்கிறது. பரீட்சைக் கட்டணங்களும் ஸ்டேர்லிங் பவுணை ஒட்டியே ஏறி இறங்கும்.

மூன்றாவது வகையில் முதல் இடர் உள்ளே நுழைவதுதான். தரம் ஒன்றுக்குப் பிள்ளை ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியடைந்திருக்க வேண்டும். விண்ணப்பமோ முந்திய ஆண்டிலேயே. அரச பாடசாலைகளில் இடங்களின் பெரும்பங்கு அருகில் வசிப்போருக்கும், அடுத்த பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் உரியது. அருகில் வசிப்பதை நிரூபிக்கக் காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்கட்டணப் பட்டியல் என்று ஆவணங்கள் வேண்டும். வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால் அவற்றுக்காகப் புள்ளிகள் கழியும். வெள்ளவத்தையில் வாடகை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த விதி யாரை எங்கே நிறுத்துகிறது என்பது விளங்கும். யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்கு இங்கே பழைய மாணவர் என்ற உரித்தும் இல்லை. பம்பலப்பிட்டி இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயம், கொட்டாஞ்சேனை விவேகானந்தா கல்லூரி என்று தமிழ்மூலப் பாடசாலைகளின் பெயர்களை அடுக்குவது எளிது. ஓர் இடம் பெறுவது எளிதன்று. சர்வதேச பாடசாலைக்குச் செல்லும் பல பிள்ளைகள் ஆங்கில மோகத்தால் அங்கே போகவில்லை, இந்தப் படிவத்தில் தோற்றதால் போகிறார்கள் என்பதை விமர்சிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உள்ளே நுழைந்துவிட்டால் கிடைப்பது என்ன? கணிதமும் சுற்றாடலும் சமயமும் தமிழில். இவற்றுள் சமயபாடத்தை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. பின்னர்தான், ஆறு வயதுப் பிள்ளை ஒரு தேவாரத்தை மனனம் செய்யும்போது பேச்சில் ஒருபோதும் கேட்காத சொற்களும் சந்தியும் நாவில் ஏறிவிடுகின்றன என்பதை உணர்ந்தேன். ஆங்கிலம் முதலிரு தரங்களில் வாய்மொழியாகவும் தரம் மூன்றிலிருந்து முறையான பாடமாகவும் வருகிறது. அது போதாது என்பதே என் முடிவு. வீட்டில் புத்தகங்களும் ஒரு நல்ல ஆங்கில வகுப்பும் சேராவிட்டால் இடைவெளி தெரியும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வரை இருப்பதும், தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளையின் மாலை நேரங்களை விழுங்குவதும் உண்மையான இழப்புகள். இவற்றை மறைத்து இவ்வகையைப் பரிந்துரைப்பவர்களை நம்ப வேண்டாம்.

எங்கள் முடிவைத் திருப்பியது தரம் ஆறு. 2000களின் தொடக்கத்திலிருந்து பல பாடசாலைகளில் நடைபெறும் இருமொழிக் கல்வியில், தரம் ஆறு முதல் கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் கற்கலாம்; வரலாறும் சமயமும் முதல்மொழியும் தமிழிலேயே தொடரும். ஆகவே தமிழில் ஊன்றிய பிள்ளை ஆங்கிலத்திற்குக் கடக்க ஒரு பாலம் இருக்கிறது. எதிர்த்திசையில் அப்படியொரு பாலம் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் வாசித்துப் பழகிய பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் தமிழ் வரலாற்றுப் பாடநூலைக் கொடுத்தால் அவள் முதற்பக்கத்திலேயே நின்றுவிடுவாள். இடையில் சேர வெற்றிடம் கிடைப்பதும் அரிது. எங்களுக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் வேறு தோன்றவில்லை.

சிங்களத்தைப் பொறுத்தவரை மூன்று வகைகளுமே எங்களை ஏமாற்றின. இரண்டாம் தேசிய மொழிப் பாடம் தமிழ்மூலப் பாடசாலையில் இடைநிலைப் பிரிவில்தான் உறுதிப்படுகிறது. மற்ற இரண்டு வகைகளில் அது அட்டவணையின் தயவில் கிடக்கிறது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது என்றாலும், பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் சிங்களம் தெரியாத தமிழர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைக் கொழும்பில் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாடசாலை தராததை வெளியில்தான் தேட வேண்டியிருந்தது.

அரச பாடசாலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. தேசிய பாடத்திட்டத்தைத் தமிழில் கற்பிக்கும் ஒரு பழைய தனியார் பாடசாலையில் இடம் கிடைத்தது. கட்டணம் உண்டு, நாங்கள் பார்த்த சர்வதேச பாடசாலைகளின் கட்டணத்தைவிடக் குறைவு. மகள் இப்போது தரம் இரண்டில். ஸ்கூல் வான் காலை ஆறரைக்கு வந்துவிடும். சனிக்கிழமைகளில் ஆங்கில வாசிப்பு வகுப்பு. வாரத்தில் இரண்டு மாலை கீழ்த்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியையிடம் ஒரு மணிநேரம், பாதி பாடம், பாதி விளையாட்டு. இன்டர்நெஷனலில் படிக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஆங்கிலத்தில் அவளைவிட நன்றாகப் பேசுகிறான். குடும்ப விழாக்களில் அது கண்ணில் படத்தான் செய்கிறது. அவளுடைய பாடசாலையில் ஆங்கிலமூல வகுப்பு தரம் ஆறில் தொடங்கும். நுழைவதற்கு ஒரு தேர்வு உண்டு. அந்த ஆண்டும் அட்டவணையைக் கேட்டு வாங்குவோம்.